தலைப்புக்குக் கீழே வரும் பெயர்கள்

(அடையாறில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பேசுபவர் தம் துறையின் வளர்ச்சியை எடுத்துரைப்பது மரபு. உயிர்வேதியியல் வளர்ந்திருக்கிறது, அதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஆகவே, ஆய்வுக் கட்டுரையில் தலைப்புக்கும் சுருக்கத்துக்கும் நடுவே வரும் ஒன்றிரண்டு வரிகளைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்டேன். யார் பெயர் வருகிறது, எந்த வரிசையில் வருகிறது, யார் பெயர் வராமலே போகிறது என்பதுதான் பொருள். ஆய்வகங்களில் பேச்சுவார்த்தை முறிந்துபோவது பெரும்பாலும் இந்த வரிகளால்தான் என்பது இங்கே இருப்பவர்களில் பாதிப்பேருக்குத் தெரியும். மீதிப் பாதிப்பேர் மாணவர்கள், சீக்கிரமே தெரிந்துகொள்வார்கள்.

பேசுவதற்கு அடையாறை விடப் பொருத்தமான ஊர் இல்லை. கிண்டியிலிருந்து சர்தார் படேல் சாலையில் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், அண்ணா பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி., நாம் சி.எல்.ஆர்.ஐ. என்றே சொல்லிப் பழகிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், புற்றுநோய் நிலையம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. தரமணிப் பக்கம் திரும்பினால் கணித அறிவியல் நிறுவனம். இந்தச் சில கிலோமீட்டருக்குள் கட்டுரையில் பெயர் போடும் வழக்கம் வாசலுக்கு வாசல் மாறும். கணிதக்காரர்கள் ஆங்கில அகரவரிசையில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். உயிரியல்காரர்களிடம் முதல் பெயர் கைவேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது, நடுவில் வருகிறவர்கள் பாவப்பட்டவர்கள். மருத்துவர்களின் கணக்கு இன்னொன்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் வரிசையைப் பரிசுப் பட்டியலாகப் பார்க்கப் பழகிவிட்டோம். பரிசு என்றால் பிரித்துக் கொடுக்கலாம், நன்றிக்கடனாகக் கொடுக்கலாம், பயந்தும் கொடுக்கலாம். நான் அதை வாக்குமூலமாகப் பார்க்கிறேன். இந்த வேலையை இன்னார் செய்தோம், இதில் தவறு வந்தால் எங்களைக் கேளுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. இந்த இரண்டு பார்வைக்கும் உள்ள வித்தியாசம், இதே சாலையில் எழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வேலையைப் பார்த்தால் விளங்கும்.

1952-இல் ஜி.என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்று வந்தார். வயது முப்பது. துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். அந்தச் சமயத்தில் சென்னை வந்த படிகவியலாளர் ஜே.டி. பெர்னால், தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். கொலாஜன் வேண்டுமென்றால் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தோலைப் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே 1948-இல் தொடங்கிய நிலையம் அதே சாலையில், கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கிருந்து மாதிரிகள் கிடைத்தன. நல்ல எக்ஸ்-கதிர்ப் படங்களுக்குக் கைகொடுத்தது கங்காருவின் வால் தசைநாண். கூட வேலை செய்தவர் கோபிநாத் கர்த்தா. 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் இருவர் பெயரிலும் முதல் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக் கயிறாக முறுக்கிக்கொள்ளும் அமைப்பை விளக்கி இன்னொரு கட்டுரை. அதிலும் இருவர் பெயரும் இருந்தன.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதே இதழில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் தங்கள் கொலாஜன் அமைப்பை வெளியிட்டார்கள். அடிப்படை சென்னை அமைப்பின் சாயலில்தான் இருந்தது. ஆனால் இராமச்சந்திரன்–கர்த்தா அமைப்பில் சில அணுக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, அத்தனை நெருக்கத்துக்கு இடமில்லை என்பது அவர்கள் வாதம். மூன்று அலகுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று சென்னை சொன்னதை அவர்கள் ஒன்றாகக் குறைத்தார்கள். அதன்பின் பாடநூல்களில் யார் பெயர் முன்னால் வந்தது என்பதை நான் சொல்ல வேண்டாம். கிரிக்கின் பெயர் இந்த விஷயத்தில் அடிபட்டது அது முதல்முறையும் அல்ல. 1953 ஏப்ரலில் வந்த டி.என்.ஏ. கட்டுரையில் ரோசலிண்ட் பிராங்க்ளினின் வேலைக்குக் கிடைத்தது நன்றியுரையில் ஒரு பொதுவான வாக்கியம்தான். அவருடைய புகழ்பெற்ற 51-ஆம் எண் படத்தை எடுத்த ஆய்வு மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கின் பெயர், பிராங்க்ளினுடன் சேர்ந்து அதே இதழில் வந்த தனிக்கட்டுரையில் இருக்கிறது. அந்தக் கட்டுரை இருப்பதால்தான் இன்று நமக்கு வாதாட ஒரு பிடி கிடைக்கிறது.

சென்னைக்குத் திரும்புவோம். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியை இராமச்சந்திரன் விட்டுவிடவில்லை. புரதச் சங்கிலியில் ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு கோணங்கள் திரும்பக்கூடியவை. எந்தக் கோணத்துக்கு எந்தக் கோணம் ஒத்துவரும், எதில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டுத் தாளில் குறித்தால், பெரும்பகுதி ஆகாத இடமாகவும் சில தீவுகள் மட்டும் ஆகும் இடமாகவும் தெரியும். இன்றைய கணினி எதுவும் கையில் இல்லாத காலத்தில் அந்தக் கணக்குகளைப் போட்டவர்கள் சி. இராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும். 1960 நவம்பரில் சி.எல்.ஆர்.ஐ. கொலாஜனுக்காக ஒரு கருத்தரங்கம் நடத்தியது. அதன் கட்டுரைகள் என். இராமநாதனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1962-இல் நூலாயின. புரதச் சங்கிலிகளின் அமைப்புக்கு என்னென்ன அளவுகோல்கள் வேண்டும் என்று நாற்பது பக்கம் எழுதிய கட்டுரை ஒன்று அதில் இருக்கிறது. எழுதியவர் சசிசேகரன். தனியாக.

1963-இல் லண்டனிலிருந்து வரும் மூலக்கூறு உயிரியல் இதழில் ஐந்து பக்கக் கட்டுரையாக அந்த வரைபடம் வெளியானது. இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் என்று மூன்று பெயர்கள். இன்று உலகில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும் அது சரிதானா என்று இந்த வரைபடத்தில் பொருத்திப் பார்க்காமல் யாரும் அச்சுக்கு அனுப்புவதில்லை. அதற்கு உலகம் வைத்த பெயர் இராமச்சந்திரன் வரைபடம். மூவரில் இருவரைக் காணோம்.

மேடைகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது இரண்டு வகைப் பிழை நேர்கிறது. பெரியவர் சின்னவர்களின் உழைப்பை விழுங்கிவிட்டார் என்பது ஒன்று. அவர்தானே மூளை, மற்றவர்கள் கணக்குப் போட்டவர்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் ஆவணங்கள் மறுக்கின்றன. கட்டுரையில் மூன்று பெயரும் இருக்கின்றன. சசிசேகரன் தனிக்கட்டுரை எழுத இடம் இருந்திருக்கிறது. 1965-இல் அந்த வேலையின் தொடர்ச்சி வெளியானபோது முதல் பெயர் இராமகிருஷ்ணன், இரண்டாவதுதான் இராமச்சந்திரன். குறை பெயர் வரிசையில் இல்லை. அதற்குப் பிறகு மேற்கோள் காட்டியவர்களிடமும் வகுப்பில் கற்பித்த நம்மிடமும் இருக்கிறது. நாம் சுருக்கிவிட்டோம். ஆனாலும் அறுபது ஆண்டு கழித்து நான் இங்கே நின்று அந்த இருவரின் பெயரையும் உறுதியாகச் சொல்ல முடிகிறது என்றால், 1963-இல் அந்த வரி நேர்மையாக எழுதப்பட்டிருந்தது என்பது ஒன்றே காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மூன்று பெயர்களின் வரிசை ஆங்கில அகரவரிசையாகவும் அமைந்துவிட்டது. உழைப்பின்படி வைத்தார்களா, தலைமையின்படியா, எழுத்தின்படியா? வரிசையைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. தேர்வுக்குழுவில் உட்கார்ந்துகொண்டு ‘இவர் மூன்றாவது பெயர்தானே’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அந்த மூன்றாவது பெயர் சசிசேகரன்.

உலகம் சுருக்காமல் விட்டதும் உண்டு. 1971-இல் இராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும், எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து உடலின் உள்ளமைப்பைத் திரும்பக் கட்டியெழுப்புவதற்கு எளிய கணித முறை ஒன்றை வெளியிட்டார்கள். சி.டி. ஸ்கேன் பற்றிய எந்தப் பாடநூலிலும் அது ‘ராம்-லாக்’ என்று இருக்கும். லாக் என்ற அந்த ஓரசையில் ஒரு மனிதர் தப்பித்துக்கொண்டார். பெயர் சுருங்கியதே என்று அவர் வருந்தியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இராமச்சந்திரனின் ஆசான் சி.வி. இராமனிடம் போவோம். இராமன் விளைவு பற்றிய 1928-ஆம் ஆண்டின் தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். மார்ச் 16 அன்று பெங்களூரில் ஆற்றிய உரை இந்திய இயற்பியல் இதழில் அச்சானபோது இராமன் பெயர் மட்டும். மார்ச் 31 ‘நேச்சர்’ கடிதத்தில் இராமனும் கே.எஸ். கிருஷ்ணனும். ஏப்ரல் 21 கடிதத்தில் மறுபடி இராமன் மட்டும். மே 5 கடிதத்தில் இருவரும். வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன் பிப்ரவரி மாதம் முழுக்க இரவு பகலாக அந்தச் சோதனைகளைச் செய்துகொண்டிருந்தார். அதை நாம் அறிவது, அவர் அந்த நாட்களில் எழுதி வைத்த நாட்குறிப்பிலிருந்து. 1930-இல் நோபல் பரிசு ஒருவருக்குத்தான் வந்தது. பரிசுரையில் கிருஷ்ணனையும் மற்ற மாணவர்களையும் இராமன் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார் என்பதும் உண்மை. எது கிருஷ்ணனுடையது, எது இராமனுடையது என்ற வழக்கை நான் இன்று எடுக்கப் போவதில்லை. வரலாற்றாசிரியர்கள் அந்த நாட்குறிப்பை எத்தனை முறை புரட்டுகிறார்கள் என்பதை மட்டும் மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே இராமனிடம் 1940-இல் பெங்களூருக்கு ஆய்வு செய்யப் போனவர் அன்னா மணி, நம் மாநிலக் கல்லூரி மாணவி. வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வைப் பற்றி 1942-க்கும் 1945-க்கும் இடையே ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். ஐந்திலும் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. வேலை நடந்த ஆய்வகம் இராமனுடையது, வைரங்கள் அவர் சேகரித்தவை, தலைப்பும் அவர் ஆர்வத்தில் பிறந்தது. அவர் பெயர் இல்லை. அந்தக் கட்டுரைகளின் அடிப்படையில் எழுதிய ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்; எம்.எஸ்ஸி. பட்டம் இல்லாதவருக்கு முனைவர் பட்டம் தர விதியில் இடமில்லை என்று பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. பட்டம் கிடைக்கவில்லை, கட்டுரைகள் நிற்கின்றன. இன்று ஒரு கைடு, தம் மாணவியின் ஐந்து கட்டுரையில் ஒன்றையாவது தம் பெயர் இல்லாமல் வெளியே விடுவாரா? கையை உயர்த்தச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன்.

நாம் அங்கிருந்து இங்கே எப்படி வந்து சேர்ந்தோம்? மனிதர்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று சொல்வது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கணக்கைப் பாருங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் வெளியிட்ட ஆசிரியர் நியமன விதிகளின் பின்னிணைப்பில், ஆய்வுக் கட்டுரைக்குப் புள்ளி வழங்கும் அட்டவணை உண்டு. அறிவியல் துறையில் ஒரு கட்டுரைக்கு 8 புள்ளி. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். இரண்டு பேருக்கு மேல் போனால் முதன்மையானவருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. இப்போது கூட்டிப் பாருங்கள். தனியாக எழுதினால் அந்தக் கட்டுரைக்கு நாடு தரும் புள்ளி 8. இருவர் பெயர் என்றால் 5.6-ம் 5.6-ம் சேர்ந்து 11.2. ஐவர் என்றால் 15.2. வேலை அதே வேலை. பெயர் கூடக்கூடப் புள்ளி கூடுகிறது.

அடுத்து நடப்பது தானாக நடக்கும். ஒரு துறையில் ஐந்து நண்பர்கள். ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தனித்தனியே போட்டால் ஒவ்வொருவருக்கும் 8. ஐந்து கட்டுரையிலும் ஐந்து பெயரையும் போட்டுக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் 15.2. யோக்கியமாக இருப்பதற்கு அபராதம் விதிக்கும் அட்டவணை இது. கல்யாண வீட்டு மொய்ப் பணம் மாதிரி பெயர்கள் கைமாறுகின்றன. யார் யாருக்கு எவ்வளவு வைத்தார்கள் என்ற நோட்டும் மனத்துக்குள் உண்டு. ‘என்னப்பா, போன தடவை உன் பேரு போட்டேனே’ என்று கேட்கும் குரலை நான் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

மருத்துவக் கல்லூரிகளுக்கு வேறு விதி. 2015-இல் இந்திய மருத்துவக் கவுன்சில், பதவி உயர்வுக்கு முதல் இரண்டு பெயர்களைத்தான் எண்ணுவோம் என்றது. பிறகு மாற்றி மாற்றி, 2020-இல் முதல் மூவரும் தொடர்புக்குரியவரும் என்று வந்து நின்றது. ஒவ்வொரு முறை விதி மாறும்போதும் மருத்துவமனை வராந்தாக்களில் பெயர்களும் இடம் மாறின. எந்த நோயாளியின் கோப்பையும் புரட்டாதவர் இரண்டாமிடத்துக்கு ஏறுவதும், இரவெல்லாம் விவரம் சேகரித்த பட்டமேற்படிப்பு மாணவர் நான்காமிடத்துக்கு இறங்குவதும் அப்படித்தான் நடக்கின்றன. 2018-இலேயே மானியக் குழு கருத்துத் திருட்டுக்கும் விதி போட்டது. 10 சதவீதம், 40 சதவீதம், 60 சதவீதம் என்று சொல் ஒற்றுமையை அளந்து தண்டனை சொல்கிறது. ஒருவருடைய உழைப்பிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டால் அது எத்தனை சதவீதம்? மென்பொருள் அதைக் காட்டாது.

நான் ஓர் ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் சில காலம் இருந்தேன். கட்டுரை ஏற்கப்பட்ட மறுவாரம் வரும் கடிதங்களில் ஒரு வகை உண்டு: ‘எங்கள் துறைத்தலைவரின் பெயர் தவறுதலாக விடுபட்டுவிட்டது, மூன்றாவதாகச் சேர்க்க வேண்டுகிறோம்.’ ஆறு மாதம் மதிப்பீட்டில் இருந்தபோது விடுபட்டது தெரியாதா என்று நாங்கள் கேட்பதில்லை. அவர் செய்த பங்களிப்பை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லுவோம். பாதிக் கடிதங்கள் அதோடு நின்றுபோகும். ஒருமுறை வந்த கடிதம் வேறு மாதிரி. எழுதியவர் ஓர் இளம்பெண். ஒரு கல்லூரியில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாக இருந்து சோதனைகளில் பெரும்பகுதியைச் செய்துவிட்டு, குழந்தைப்பேறுக்காக வேலையை விட்டவர். அச்சான கட்டுரையில் அவர் வரைந்த படங்கள் இருந்தன, பெயர் இல்லை, நன்றியிலும் இல்லை. நாங்கள் விளக்கம் கேட்டபோது வந்த பதில்: ‘அவர் இப்போது எங்களிடம் பணியில் இல்லை.’ அந்த வாக்கியத்தை எழுதியவருக்கு அதில் தவறு எதுவும் தோன்றவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் பெண்ணிடம் தேதியிட்ட குறிப்பேட்டின் நகல் இருந்தது. திருத்தம் வெளியிட்டோம்.

விதி உலகில் இல்லாமல் இல்லை. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு 1985-இலேயே யார் கட்டுரையாசிரியர் என்று வரையறுத்தது. 2013-இல் அது நான்கு நிபந்தனைகளாக நிலைபெற்றது: திட்டத்திலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது அறிவார்ந்த திருத்தத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி வந்தாலும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் வேண்டும். பணம் வாங்கித் தந்தார், கருவி அவருடையது, துறைக்குத் தலைவர் என்பவை இந்தப் பட்டியலில் கிடையாது. அண்மையில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கட்டுரையாசிரியராகப் போடக் கூடாது என்று அதே குழு சொன்னதற்கும் நான்காவது நிபந்தனைதான் காரணம்: அவற்றால் பொறுப்பேற்க முடியாது. பொறுப்பேற்காத மனிதர்களுக்கும் அது பொருந்த வேண்டுமே என்று எனக்குத் தோன்றியது.

இந்த நான்கை நம் ஆட்கள் எப்படி வளைக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சோதனை செய்தவருக்கு வரைவைக் காட்டாமலே இருந்துவிட்டால் அவர் இரண்டாவது நிபந்தனையில் தோற்றுவிடுகிறார். அப்புறம் விதிப்படிதான் நீக்கினோம் என்று சொல்லலாம். இதற்கு அந்த விதியிலேயே பதில் இருக்கிறது: முதல் நிபந்தனையை நிறைவு செய்த அனைவருக்கும் மற்றவற்றில் பங்கேற்க வாய்ப்புத் தர வேண்டும். இந்த வரியை எந்த ஆய்வகச் சுவரிலும் ஒட்டி நான் பார்த்ததில்லை.

யார் என்ன செய்தார் என்பதைப் பதினான்கு பங்களிப்பு வகைகளாகப் பிரித்து எழுதும் முறை 2014 வாக்கில் வந்தது. 2022-இல் அது அமெரிக்கத் தரநிலையாகவும் ஆயிற்று. பெரிய இதழ்கள் கேட்கின்றன. நம்மவர்கள் அதையும் கடைசி இரவில், சமர்ப்பிக்கும் படிவத்தின் முன் உட்கார்ந்து, எல்லார் பெயருக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு முடிக்கிறார்கள். வேலை தொடங்கும் நாளில் எழுதினால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு.

எல்லாரையும் தலைப்புக்குக் கீழே ஏற்றிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நன்றியுரை என்று ஓர் இடம் இருக்கிறது. அதை நாம் கேவலப்படுத்தி வைத்திருக்கிறோம். ‘உதவிய அனைவருக்கும் நன்றி’ என்று எழுதுவது யாருக்கும் நன்றி சொல்லாமல் இருப்பதற்கு நாகரிகமான வழி. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையம் இருக்கிறது. ஒருநாள் போய் அவருடைய பழைய பதிப்புகளின் முகவுரைகளை மட்டும் படியுங்கள். 1894-இல் வந்த புறநானூற்றை எடுங்கள். எந்த ஊரில் யாரிடமிருந்து எந்தச் சுவடி கிடைத்தது என்று ஊர்ப் பெயரும் ஆள் பெயருமாக எழுதியிருப்பார். சுவடி கொடுத்தவரைப் பதிப்பாசிரியராக்கவில்லை, பெயரில்லாதவராகவும் விடவில்லை. ஆய்வு முறையியல் வகுப்பில் வெளிநாட்டு நெறிமுறைகளோடு இந்த முகவுரைகளையும் பாடமாக வைக்கலாம்.

இன்றைய உதாரணம் வேண்டுமா? வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்து போகிறது. பாம்பு நஞ்சைப் பற்றிய ஆய்வுகளுக்கும் போகிறது. பாம்பு எந்த மண்ணில், எந்தப் பொந்தில், எந்தப் பருவத்தில் இருக்கும் என்ற அறிவு அவர்களுடையது. 2023-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு அரசு பத்மஸ்ரீ வழங்கியது. ஆய்வுக் கட்டுரைகளிலோ பல சமயம் அவர்கள் ‘உள்ளூர் உதவியாளர்கள்’. நாட்டரசே பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு நமக்கு மட்டும் பெயர் எழுத என்ன தயக்கம்?

கணிதக்காரர்களை முதலில் கொஞ்சம் கிண்டல் செய்தேன். அவர்களிடம் கற்க வேண்டிய ஒன்றும் உண்டு. 1918-இல் ஹார்டியும் இராமானுஜனும் எண்களின் பிரிவினை பற்றி எழுதிய கட்டுரையில் ஹார்டி முதலில் வருவது அகரவரிசையால். யார் பெரியவர் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. அந்த வழக்கத்தை உயிரியலுக்குக் கொண்டுவர முடியாது. இருபது பேர் சேர்ந்து செய்யும் வேலையில் யார் பொறுப்பு என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் கணிதக்காரர்கள் எதிர்பார்ப்பைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடுகிறார்கள்.

ஆகவே கைடுகளாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய ஸ்காலர் சேரும் வாரத்தில் ஒரு தாள் எடுங்கள். இந்த வேலையிலிருந்து வரக்கூடிய கட்டுரைகள் எவை, யார் எதைச் செய்வார், யார் வெளியேறினால் என்ன ஆகும் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வேலையின் போக்கு மாறினால் தாளை மாற்றுங்கள். மாணவருக்கு அதைக் கேட்கும் தைரியம் வராது. முனைவர் பட்டம் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. முன்கூட்டி ஒரு கட்டுரையாவது அச்சாகியிருக்க வேண்டும் என்ற 2016 விதியை 2022-இல் மானியக் குழு எடுத்துவிட்டாலும், பல இடங்களில் எழுதாத விதியாக அது தொடர்கிறது. அந்த நெருக்கடியில் இருப்பவரிடம் ‘சார் பெயரையும் சேர்த்துக்கோ’ என்று யார் சொன்னாலும் அவர் சேர்த்துவிடுவார்.

மானியக் குழுவுக்கு என் யோசனை எளிது. ஒரு கட்டுரைக்கு எத்தனை பெயர் இருந்தாலும் மொத்தப் புள்ளி 8-ஐத் தாண்டக் கூடாது. அதை எப்படிப் பங்கிடுவது என்று கட்டுரையாசிரியர்களே சமர்ப்பிக்கும்போது எழுதிக் கொடுக்கட்டும். இலவசமாகப் பெயர் கேட்டு வருபவருக்கு அன்றைக்கே விலை தெரிந்துவிடும்.

ஆய்வு மாணவர்களே, குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்கள். வரைவுகளை அழிக்காதீர்கள். வேலையை விட்டுப் போகும்போது நகல் எடுத்துக்கொண்டு போகும் உரிமை உண்டா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தேர்வுக்குழுக்களிலும் பதவி உயர்வுக் குழுக்களிலும் உட்காரும் நண்பர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். அடுத்த நேர்காணலில் கட்டுரைகளை எண்ணுவதற்கு முன், பட்டியலிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்து, ‘இதில் நீங்கள் செய்தது எது?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கட்டுரையை எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிடுங்கள்.